அஜாக்கிரதையா, அசதியா?

ஓசூர் சிப்காட், சிட்கோ வட்டாரத்தில் சிறு யூனிட் நடத்துபவர்களிடம் கணினிப் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால், “நாம சின்ன வெண்டார், நம்மகிட்ட திருட என்ன இருக்கு?” என்பார்கள். இதற்குப் பதில் ஜப்பானில் கிடைத்தது. 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா அங்குள்ள தன் 14 ஆலைகளையும் ஒரு நாள் நிறுத்தியது. சுமார் 13,000 வண்டிகளின் உற்பத்தி தடைபட்டது. காரணமான சைபர் தாக்குதல் நடந்தது டொயோட்டாவில் அல்ல, அதற்குப் பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா நிறுவனத்தில். அங்கும் திருடன் நுழைந்தது கோஜிமாவின் துணை நிறுவனம் வைத்திருந்த தொலை இணைப்புக் கருவி வழியாக. பெரிய கம்பெனிக்குப் பாகம் அனுப்பிப் பிழைக்கும் ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆழமாக வேரோடியது. பணம் போய்விட்டால் “அக்கவுன்ட்ஸ் பார்க்கிற பிள்ளையோட அஜாக்கிரதை” என்று பழியைப் போட்டு விஷயத்தை மூடிவிடுவது. அந்தப் பிள்ளையின் மேசையைக் கொஞ்சம் பார்ப்போம். எல்லையோர ஊர் என்பதால் பிளேட்டிங்குக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் பெங்களூருவுக்குச் சரக்கு போகும். மாநிலம் தாண்டி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைந்தாலும் இ-வே பில் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் அந்தத் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபியும் வேண்டும். பதிவான எண் முதலாளியுடையது என்றால், வண்டி கேட்டில் நிற்க, “சார், ஓடிபி சொல்லுங்க” என்று போனில் கேட்டுத் தட்டுவது அன்றாட வேலையாகிவிடுகிறது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று வங்கி எச்சரிக்கிறது. சொன்னால்தான் வண்டி கிளம்பும் என்று வேலை பழக்குகிறது. இதற்கிடையே 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி 3பி. இப்படி ஒரு நாளின் இரவு எட்டு மணிக்கு, பழகிய சப்ளையர் பெயரில், “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பாக்கியை இதில் போடவும்” என்று மெயில் வருகிறது. முகவரியில் ஓர் எழுத்துதான் வேறு. காலை பத்து மணிக்கு ஒருவேளை கண்ணில் பட்டிருக்கும்.

எல்லா மோசடிக்கும் அசதிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவரும் ஏமாறுவதுண்டு. ஆனால் திருடர்கள் அசதியையே ஆயுதமாக்குகிறார்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவன் ஓர் ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப லாகின் செய்தான். ஒவ்வொரு முறையும் அவர் கைபேசியில் அனுமதி கேட்டு அறிவிப்பு வந்தது. கடைசியில் ஒன்றுக்கு அவர் சம்மதம் கொடுத்துவிட்டார்.

“ட்ரெயினிங் கொடுத்தோம், மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னோம், இன்னும் என்ன?” என்பார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஓயாத பாதுகாப்பு விதிகளால் சலித்துப்போனவர்கள் எது எளிதோ அதையே செய்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே அதே அமைப்பு, காரணமில்லாமல் பாஸ்வேர்டை அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டியது. களைத்தவர் தலையில் இன்னொரு விதியை ஏற்றினால், மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டு தொங்கும்.

“நைட் ஷிஃப்ட்ல பிரஸ் ஓட்டுறவனும் களைச்சவன்தானே, அவன் கையை விடுறானா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பதிலும் அதிலேயே இருக்கிறது. இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி பவர் பிரஸ்ஸை அமைப்பது, ஆபரேட்டரின் விழிப்பை மட்டும் நம்பி ஒரு கையைப் பணயம் வைக்கக் கூடாது என்பதால்தான். வங்கிக் கணக்குக்கும் அந்த ஏற்பாடு உண்டு: ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும். கூடுதல் ஆள் போட வசதியில்லை என்பது உண்மையான தடைதான். ஆனால் அந்த இரண்டாவது ஆள் முதலாளியாகவே இருக்கலாம். கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால் அன்றைக்குப் பணம் போடாமல், பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்பதற்குச் செலவே கிடையாது. இ-வே பில்லுக்குத் தனி யூசர், தனி கைபேசி எண் வைத்துவிட்டால் ஓடிபி கேட்கும் பழக்கமும் அறும்.

பழி போடும் வழக்கத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. பணம் போனதும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தால், அடுத்தடுத்த கணக்குகளில் அதை முடக்க வாய்ப்பிருக்கிறது. திட்டு விழும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்த ஊழியர் இரவு முழுக்க வாய் திறக்க மாட்டார். விடிவதற்குள் பணம் நாலு கணக்கு மாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருக்கும்.