நாய், பூனை நோய்கள்: ஏமாற்றும் அறிகுறிகள்

களத்து நெல்லையும் பட்டி ஆட்டையும் காப்பது நாய். சேமித்த தானியத்தை எலியிடமிருந்து காப்பது பூனை. பசு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் உடனே மருந்தகத்திற்கு ஓட்டிச் செல்லும் நாம், நாயோ பூனையோ படுத்துவிட்டால் 'தானே தேறிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். மேலும், சில நோய்களின் அறிகுறிகள் வேறொன்றைப்போல் தோன்றி நம்மை ஏமாற்றிவிடும். அவ்வாறு தவறாகக் கருதப்படும் ஐந்து நிலைகளை உழவர்கள் அறிந்திருத்தல் நலம்.

1. தொண்டையில் எலும்பு சிக்கியது போன்ற தோற்றம்

நாயின் கீழ்த்தாடை தொங்கி, வாய்நீர் ஒழுகி, விழுங்க முடியாமல், குரல் மாறியிருந்தால் எலும்பு சிக்கியதாக எண்ணி வாயில் கைவிடாதீர்கள். இது வெறிநோயாக இருக்கலாம். வெறிபிடித்த நாய் எல்லாம் ஓடி ஓடிக் கடிக்கும் என்பதில்லை. சில நாய்கள் இருட்டு மூலையில் ஒடுங்கிப் படுத்து, வாதம் கண்டு இறக்கும். அறிகுறி தோன்றியபின் இந்நோய்க்கு மருத்துவம் இல்லை. பெரும்பாலும் 10 நாட்களுக்குள் நாய் இறந்துவிடும்.

வெறிநாய் கடித்த மாடும் இவ்வாறே வாய்நீர் வடித்து, அடிக்கடி கத்தும். அடைப்பு என்று கருதி அதன் வாயிலும் கைவிடக் கூடாது.

நாயோ பூனையோ கடித்தாலும், பிறாண்டினாலும், கையிலுள்ள காயத்தில் அவற்றின் வாய்நீர் பட்டாலும் உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று தடுப்பூசி தொடங்குங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடும் பழைய முறை இப்போது இல்லை. ஆகவே ஊசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர் குறித்துத் தரும் நாட்களில் ஒன்றையும் தவற விடாதீர்கள்.

2. குட்டியின் கழிச்சல்

வயிறு பருத்து, மயிர் பொலிவிழந்த குட்டிக்குக் குடற்புழு இருக்கலாம். தாயின் வயிற்றிலிருக்கும்போதே புழு தொற்றுவதால், பிறந்த 2 வாரத்திலேயே புழு நீக்க மருந்து தேவைப்படும். எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

ஆனால் குட்டி உணவை மறுத்து, ஓயாமல் வாந்தி எடுத்து, நாற்றத்துடன் இரத்தம் கலந்து கழிந்தால் அது பார்வோ எனும் நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும். புழு மருந்து கொடுத்துக் காத்திருந்தால் உடல் நீர் வற்றிக் குட்டி இறந்துவிடும். இரத்த நாளத்தின் வழியே திரவம் ஏற்றுவதே உயிர் காக்கும் வழி. இக்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். ஆதலால் அதே இடத்தில், தடுப்பூசி போடாத வேறு குட்டியை விடாதீர்கள்.

3. உண்ணி

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. நாய் தன் உடலை நக்குவதாலும், தோல் வழியாகவும் நஞ்சு உள்ளே சென்று வாய்நீர் ஒழுகல், நடுக்கம், வலிப்பு உண்டாகி இறக்க நேரிடும். நாய்க்கென உள்ள உண்ணி மருந்தையே பயன்படுத்துங்கள். அதிலும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சாகும்.

இரத்தம் குடித்த உண்ணி கீழே விழுந்து சுவர் விரிசலில் முட்டையிடும். எனவே படுக்கும் இடத்தையும் தூய்மை செய்து, விரிசல்களை அடைக்க வேண்டும். உண்ணி உள்ள நாய்க்குக் காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் இரத்தம், காப்பி நிறச் சிறுநீர் கண்டால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவம் செய்யுங்கள்.

4. பூனை முக்குதல்

ஆண் பூனை அடிக்கடி குந்தி முக்கினால் மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவதுண்டு. சிறுநீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சொட்டும் வராவிட்டால் சிறுநீர்ப் பாதை அடைத்துள்ளது. ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அன்றே மருந்தகம் கொண்டு செல்ல வேண்டும்.

5. பூனைக்குக் காய்ச்சல் மாத்திரை

நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரையும் உயிரைப் போக்கும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் செல்க.

தடுப்பு முறைகள்

• பார்வோ முதலிய நோய்களுக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் தடுப்பூசி. பின் 16 வாரம் வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் மீண்டும் போட வேண்டும்.
• வெறிநோய்த் தடுப்பூசி நாய், பூனை இரண்டிற்கும் 3 மாத வயதில். பிறகு மருத்துவர் கூறும் நாளில் மறு ஊசி, ஆண்டுதோறும் ஒரு முறை.
• வளர்ந்த நாய்க்கு 3 மாதத்திற்கு ஒரு முறை புழு நீக்கம்.
• எலி மருந்து, பூச்சிமருந்துக் குப்பிகளை எட்டாத இடத்தில் பூட்டி வைத்தல்.

மாட்டுக்குத் தடுப்பூசி போட மருந்தகம் செல்லும் நாளிலேயே நாயையும் பூனையையும் உடன் கொண்டு செல்லலாம். அவற்றிற்குப் போடும் வெறிநோய் ஊசி, அவற்றோடு விளையாடும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் காவல்.