நகரத்தார் நடத்திய மின்நிலையம்

சிம்பாங் பூலாய்ச் சந்தியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் இன்று எரியும் விளக்குகள், நாடளாவிய பெரியதொரு மின்தொடரின் சிறு கிளைகளாகும். கட்டணச் சீட்டு தெனாகா நேஷனல் நிறுவனத்தின் பெயரில் வருகின்றது. ஆயினும் நம் நாட்டு மின்சாரம் எக்காலத்திலும் இவ்வாறு ஒரே கையில் இருந்ததில்லை. ஈயச் சுரங்க முதலாளிகள், தனியார் கம்பெனிகள், தோட்ட நிர்வாகங்கள் எனப் பல கைகளில் அது சிதறிக் கிடந்தது. மாலையில் எஞ்சின் கொட்டகையில் இயந்திரம் முடுக்கப்பட்டதும் லயத்தில் விளக்கு எரிந்ததையும், சில மணி நேரத்தில் அது அணைக்கப்பட்டதும் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடியதையும் மூத்த தொழிலாளர்கள் நன்கறிவர். இவற்றிலெல்லாம் வேறுபட்டு, ஓர் ஊரின் நகராண்மைக் கழகமே மின்நிலையத்தின் உடைமையாளராகவும் மேற்பார்வையாளராகவும் விளங்கிய முறையொன்றும் இங்கு இருந்தது. அதனையே இம்மாதம் பாடமாக எடுத்துக் கொள்கிறோம்.

மலாயாவில் மின்சாரம் முதன்முதலாக ஒரு சுரங்கத்திற்காகவே வந்தது. 1894-ஆம் ஆண்டில் ரவாங்கில் லோக் இயூ என்ற சீனச் செல்வரும், கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்தை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின் இயந்திரத்தைப் பொருத்தினர். நம் பேராக்கிலும் கதை அதுவே. 1926-இல் தோன்றிய பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி, மாலிம் நாவாரில் நீராவி மின்நிலையத்தையும், 1930-இல் செண்டரோ அணையையும் அமைத்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய கப்பல்களே அதன் முதன்மை வாடிக்கைகள். கம்பி பக்கத்தில் போயிற்று என்பதனால் லயத்திற்கு விளக்கு வந்துவிடவில்லை. அக்கம்பெனியை ஈப்போ மக்கள் கேள்வி கேட்க இயலாது. அது தன் பங்குதாரர்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது.

பினாங்கில் நிலைமை வேறு. ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகம் 1904-ஆம் ஆண்டிலேயே சுங்கை பினாங்கு ஆற்றோரத்தில் தன் சொந்த மின்நிலையத்தை அமைத்தது. 1906 முதல் அந்நகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. பின்னர் டிராமின் இடத்தைப் பிடித்த மின்கம்பிப் பேருந்துகள் 1961 வரை ஓடின. மின்சாரத்தை விற்றதும், பேருந்தை ஓட்டியதும், குடிநீர் வழங்கியதும், குப்பையை அள்ளியதும் ஒரே கழகம். 1951-இல் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் அங்கு நடைபெற்றது. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர். அந்நகரின் சாலையொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மின்நிலையத்தை மேற்பார்வையிடுதல் என்றால் என்ன? மன்ற உறுப்பினருள் ஆசிரியர் இருப்பார், கடைக்காரர் இருப்பார், வழக்குரைஞர் இருப்பார். கொதிகலனையும் சுழலியையும் பற்றி அவர்களுக்கு யாது தெரியும் என்று கேட்கலாம். தெரிய வேண்டியதில்லை. இயந்திரத்தை ஓட்டுவதற்கு மின்பொறியாளர் இருக்கிறார். உறுப்பினர் அறிய வேண்டியது கணக்கு. மாலையும் கழுத்துமாக மின்நிலையத்தைச் சுற்றிப் பார்த்து வரும் உறுப்பினரைக் காட்டிலும், மேசையில் அமர்ந்து மாதக் கணக்கைப் படிக்கும் உறுப்பினரே ஊருக்குப் பயன்படுவார் என்பது நம் எண்ணம்.

அந்தக் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது, பிறந்த மின்சாரம் எவ்வளவு, விற்ற மின்சாரம் எவ்வளவு என்பதாகும். நிலையத்தில் 100 யூனிட் பிறந்து, வீடுகளின் மீட்டர்களில் 85 யூனிட் மட்டுமே பதிவாயின் எஞ்சிய 15 எங்கே? ஒரு பகுதி கம்பிகளில் வெப்பமாக வீணாவது இயற்கை. மற்றது பழுதான மீட்டராகவோ திருட்டாகவோ இருக்கலாம். தோட்டத்தில் நாம் காண்பதும் இதுவே. பால் ஸ்டோரில் நிறுத்த பாலுக்கும் ஆலையில் காய்ந்து வந்த ரப்பருக்கும் வேறுபாடு உண்டு. தண்ணீர் நீங்கியது எவ்வளவு, கணக்கில் வராதது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பவரே நல்ல கிராணி. அடுத்து, ஒரு யூனிட்டைப் பிறப்பிக்க எரிபொருள் எவ்வளவு செலவாயிற்று என்பது. அது மாதந்தோறும் ஏறிக்கொண்டே போனால் இயந்திரம் மூப்படைகின்றது என்று பொருள்.

இங்கேதான் மெய்யான சிக்கல் பிறக்கின்றது. மின்துறையில் ஆண்டிறுதியில் உபரி நிற்கின்றது என்று கொள்வோம். அப்பணம் யாருக்கு உரியது? மின்கட்டணத்தைக் குறைக்கலாம். வீட்டு மதிப்பீட்டு வரியை உயர்த்தாமல் அதனைக் கொண்டு சாலை போடலாம். அல்லது, பத்தாண்டு கழித்து வாங்க வேண்டிய புதிய இயந்திரத்திற்கெனத் தனி நிதியில் சேர்த்து வைக்கலாம். தேர்தலை எதிர்நோக்கும் உறுப்பினருக்கு முதல் இரண்டும் இனிக்கும். பொறியாளர் மூன்றாவதையே கேட்பார். ரப்பர்த் தொழிலாளராகிய நமக்கு இவ்வழக்கின் தீர்ப்பை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் தரும். பிறகு வெட்டி மறுநடவு செய்தாக வேண்டும். பால் வரும் காலத்திலேயே மறுநடவுக்குப் பணம் ஒதுக்காத தோட்டம் என்னவாகும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஏற்றுமதி ரப்பரின் மீது தீர்வை பிடித்து மறுநடவு நிதி சேர்க்கும் ஏற்பாட்டை 1952-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டு வந்ததும் இக்காரணம் பற்றியே. இயந்திரமும் ஒரு மரந்தான். உபரியில் ஒரு பங்கு அதற்கு உரியது.

இவ்வழக்கு பினாங்கிற்கு மட்டும் உரியதன்று. பம்பாய் மாநகராட்சி 1947 ஆகஸ்டில் மின்சாரத்தையும் டிராம், பேருந்துகளையும் தனியாரிடமிருந்து வாங்கியது. பெஸ்ட் எனப்படும் அந்நிறுவனம் இன்றும் மும்பையின் தென்பகுதிக்கு மின்சாரம் வழங்கி, பேருந்தும் ஓட்டுகின்றது. மின்பிரிவின் வருவாயைக் கொண்டு பேருந்துப் பிரிவின் நட்டத்தை ஈடுகட்டலாமா என்பது அங்கு நெடுநாள் வழக்காக நடந்தது. விளக்கு எரிப்பவர் ஏன் பேருந்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு சாரார் கேட்டனர். மலிவான பேருந்து இல்லாவிடில் நகரமே இயங்காது என்றனர் மறுசாரார். கேரளத்தின் திருச்சூர் மாநகராட்சியும் தன் நகரின் ஒரு பகுதிக்குத் தானே மின்சாரம் வழங்கி வருகின்றது.

ஜார்ஜ் டவுனில் அம்முறை நீடிக்கவில்லை. கொன்ஃப்ரொந்தாசி எனப்பட்ட இந்தோனேசிய மோதலின்போது, 1965-இல் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1966-இல் ஜார்ஜ் டவுன் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரிடம் சென்றன. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவின் தலைவர் ஆதி நாகப்பன். தேர்தல் முறை தொடர வேண்டும் என்பதே அக்குழுவின் பரிந்துரை. ஆயினும் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் முறையை நிலைநாட்டியது. அதே 1976-இல் பினாங்கின் மின்துறையைத் தேசிய மின்சார வாரியம் ஏற்றுக்கொண்டது. பேராக் நீர்மின் கம்பெனியும் 1982-இல் அவ்வாரியத்தில் சேர்ந்தது. 1990 முதல் வாரியத்தின் இடத்தில் தெனாகா நேஷனல் இருந்து வருகின்றது.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. தாம் வாக்களித்த உறுப்பினரை வழியில் நிறுத்தி, மின்கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்கும் வாய்ப்பை நகரத்தார் இழந்தனர். ஆனால் நகராண்மைக் கழகம் தன் நகருக்கே கடமைப்பட்டது. வெகுதொலைவிலுள்ள தோட்டத்து லயத்திற்குக் கம்பி இழுக்க வேண்டும் என்ற நினைப்பு அதற்கு எழக் காரணமில்லை. ஊர்ப்புறங்களுக்கு மின்சாரம் எட்டியது நாடு தழுவிய வாரியம் வந்த பின்னரே. தோட்டத்திலிருந்து பார்க்கையில் பேறே பெரிதாகத் தோன்றுகின்றது.

கேள்வி கேட்கும் இடம் இப்போது மாறியுள்ளது. தீபகற்பத்தில் மின்சாரத் தொழிலைக் கண்காணிப்பது, 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த எரிசக்தி ஆணையம். தோட்டக் குடியிருப்புகளில் போதிய மின்சாரம் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம் கூறுகின்றது. அதில் குறையிருப்பின் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

லயத்திற்குப் பொது மீட்டர் ஒன்றும் வீடுதோறும் கிளை மீட்டரும் உள்ள இடங்களில், மன்ற உறுப்பினர் செய்த வேலையை நாமே செய்யலாம். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் சக்தியை ஒரு மணி நேரம் பயன்படுத்துவதாகும். 40 வாட் விளக்கு 25 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். மாதத்தின் முதல் நாளிலும் இறுதி நாளிலும் எல்லா மீட்டர்களையும் ஒரே வேளையில் படித்துக் குறித்தல் வேண்டும். பொது மீட்டரின் எண்ணிக்கை, வீட்டு மீட்டர்களின் கூட்டுத் தொகையைவிட மிகுதியாயிருந்தால், கோயில் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் தெருவிளக்கும் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்று நிர்வாகத்தை எழுத்தில் கேட்டு, கேட்ட தேதியையும் குறித்து வைத்துக் கொள்க.