ஒளி ஒன்றே

தைப்பூச நாளில் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் பத்துமலை முருகனுக்குக் காவடி ஏந்துகின்றனர். அதே நாளில், தமிழ்நாட்டின் வடலூரில் உள்ள சத்திய ஞானசபையில் ஏழு திரைகளும் விலக, மக்கள் ஒரு சோதியைத் தரிசிக்கின்றனர்.

1872ஆம் ஆண்டில் அச்சபையைத் தொடங்கியவர் வள்ளலார். இளமையில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனையும், பின்னர்த் தில்லை நடராசரையும் பாடிய அவர், நிறைவில் கடவுள் ஒருவரே என்றும் அவர் அருட்பெருஞ்சோதி வடிவினர் என்றும் போதித்தார்.

பல தெய்வ வழிபாட்டிலிருந்து ஒரு தெய்வ வழிபாட்டுக்கு மாறும் முயற்சி எகிப்திலும் நடந்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்கெனாத்தென் என்னும் மன்னன் சூரியவட்டமான ஆத்தெனையே முதன்மையாக்கி, ஆமூன் என்னும் பழைய தெய்வத்தின் பெயரைக் கோயில்களிலிருந்து செதுக்கி நீக்கச் செய்தான். அவன் இறந்த சில ஆண்டுகளிலேயே மக்கள் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர்.

வள்ளலாரிடம் அரசாணை இல்லை; அடுப்பு இருந்தது. கடவுள் ஒருவர் என்றால் எல்லா உயிர்களும் உறவினரே. உறவினர் பசித்திருக்கப் பார்த்திருக்கலாமா? இவ்வெண்ணத்தால் 1867ஆம் ஆண்டில் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசியாற்றி வருகிறது. ஆணையால் வந்த மாற்றம் மன்னனோடு மறைந்தது. அன்பால் வந்த மாற்றம் நிலைத்தது.