எந்தப் படியில் நிற்கிறீர்?



வேதபகுதி: யோவான் 5:1-9

பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடம், குணமாக மனதிருக்கிறதா என்றுதான் ஆண்டவர் முதலில் விசாரித்தார். அவன் நேராய்ப் பதில் சொல்லவில்லை; குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று முறையிட்டான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை.

நான் கடிந்துகொண்டேன். நம் திருவெறும்பூர் சபைக்கு வந்த வெல்டர் சகோதரர் ஒருவர், உபவாச ஜெபத்தில் மூன்று தரம் பீடியை விடுவதாகக் கை உயர்த்தினார். மூன்று தரமும் விழுந்தார். "உமக்கு விசுவாசம் பத்தாது" என்றேன். அதோடு அவர் வரவில்லை.

பிறகுதான் இதைப் படித்தேன். புரோச்சாஸ்கா, டிக்ளமென்டி என்ற மனோதத்துவ நிபுணர்கள், புகைப்பவர்கள் படிப்படியாய் மாறுகிறார்கள் என்று 1983-ல் எழுதினார்கள். விட நினைக்காதவர், யோசிக்கிறவர், ஆயத்தமாகிறவர், விட்டவர், விட்டதில் நிலைத்திருப்பவர் என்று படிகள் உண்டு. அடுத்த 6 மாதத்துக்குள் விட எண்ணமா, 30 நாளுக்குள்ளா என்று கேட்டே படியை அறியலாம். 1991-ல் வந்த 'ஏணி' அளவில் 0 என்றால் விடும் நினைப்பே இல்லை. 10 என்றால் விடுவதற்கான காரியத்தில் இறங்கியாயிற்று.

அடிமைத்தனத்தை அளக்க வேறு கேள்விகள். ஃபாகர்ஸ்ட்ராம் சோதனையில் 6 கேள்வி, மொத்தம் 10 மதிப்பெண். தூங்கி எழுந்த 5 நிமிஷத்துக்குள் பற்றவைத்தால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண்.

அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போய், முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "ஏணியில எத்தனாவது படி?" என்றேன்.

"எட்டு, பாஸ்டர். ஆனா கண்ணு முழிச்சதும் கை தானா பீடிக்குப் போகுதே!"

அவருக்கு மனது இருந்தது. சரீரத்தை நிக்கோட்டின் பிடித்திருந்தது. நானோ அதை அவிசுவாசம் என்று தீர்ப்புச் செய்துவிட்டேன்.

பிரியமானவர்களே, 2016-17 கணக்கெடுப்பில், நம் தேசத்தில் புகைப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் விட நினைப்பதாகச் சொன்னார்கள். ஆகவே கடிந்துகொள்ளுமுன் கேளுங்கள். கீழ்ப்படியில் இருப்பவரை நெருக்காமல், யோசிக்க உதவுங்கள். மேல்படிக்கு வந்தவரோடு ஒரு நாளைக் குறித்து, அந்த வாரம் முழுதும் கூட இருந்து ஜெபியுங்கள். சரீரப் பிடி பலமானால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை உண்டு. மருந்து எடுப்பது அவிசுவாசமல்ல.

அந்தச் சகோதரர் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. ஆனால், "அடுத்த வாரமும் வாங்க, பாஸ்டர்" என்றார். போகிறேன். நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆமென்.