பழைய விரிவாக்கங்களை எந்த வழியில் முடிப்பது?

இணைய மாயலோக கேமில் இன்று புதிதாகச் சேர்பவர் முன்னால் பத்து இருபது வருடக் கதை குவிந்து கிடக்கிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தது. ஃபைனல் ஃபேண்டஸி 14 இப்போதுள்ள வடிவில் 2013-இலும், எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014-இலும் வந்தன. மூன்றும் விரிவாக்கத்தின் மேல் விரிவாக்கமாக வளர்ந்தவை. பெண்டாங்கில் இருப்பவர் ஆசையோடு கேமை இறக்கி முடிப்பதற்குள், சுங்கை பட்டாணியில் உள்ள நண்பர்கள் கடைசி விரிவாக்கத்தின் கடைசி ரெய்டுக்கே போயிருப்பார்கள். அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பழைய குவெஸ்ட்டெல்லாம் விடுடா, சீக்கிரம் லெவல் ஏத்திட்டு வா."

இந்த அறிவுரை எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். கெடாவில் பலர் இந்த வகை கேமை முதலில் பார்த்தது சைபர் கஃபேயில்தான். ரக்னராக், 2005-இல் வந்த மேப்பிள்ஸ்டோரி தென்கிழக்காசியப் பதிப்பு ஆகியவைதான் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம். அவற்றில் அரக்கர்களை அடித்து லெவல் ஏற்றுவதே ஆட்டம்; குவெஸ்ட் என்பது வழியில் கிடைக்கும் கூலி. அந்தப் பழக்கத்தை இன்றைய கேமுக்குக் கொண்டுவந்தால் இழப்பு நமக்கே. இன்றைய கேம்களில் பழைய விரிவாக்கங்கள் அடைத்துத் தீர்க்கவேண்டிய கடன் அல்ல. பல இடங்களில் கேமின் ஆகச் சிறந்த பகுதியே அங்குதான் இருக்கிறது. ஆனால் அதை முடிக்கும் வழி கேமுக்குக் கேம் வேறு. வழி தவறினால் நல்ல கதையும் சுமையாகிவிடும்.

முதலில் காரணம்

பழைய குவெஸ்ட்டுகளை முடிக்க மூன்று காரணங்கள் இருக்கலாம். கதை தெரியவேண்டும்; நண்பர்களோடு சேர லெவல் வேண்டும்; பழைய கவசம், சவாரி விலங்கு, பட்டம் போன்றவற்றைச் சேர்க்கவேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் துரத்துபவர்தான் பாதியில் சலித்து விடுகிறார். உங்களுக்கு எது முதன்மை என்று முடிவு செய்துகொண்டு கீழே உள்ள வழிகளைப் பாருங்கள்.

வரிசையாகப் போவது: ஃபைனல் ஃபேண்டஸி 14

இந்தக் கேமில் முதன்மைக் கதை ஒரே சங்கிலி. எ ரெல்ம் ரீபார்ன் (2013), ஹெவன்ஸ்வார்ட் (2015), ஸ்டார்ம்பிளட் (2017), ஷேடோபிரிங்கர்ஸ் (2019), எண்ட்வாக்கர் (2021), டான்டிரெய்ல் (2024) என்று வரிசையாகத்தான் போகவேண்டும். முந்தியதை முடிக்காமல் அடுத்த நிலத்துக்குள் கால் வைக்கமுடியாது. 'பொன்னியின் செல்வ'னின் ஐந்தாம் பாகத்தை முதலில் எடுத்தவருக்கு நந்தினி ஏன் அப்படிப் பேசுகிறாள் என்று புரியாது. இங்கேயும் அப்படித்தான். ஷேடோபிரிங்கர்ஸில் மனத்தை உலுக்கும் காட்சிகளுக்கு விதை, பல வருடம் முந்திய பகுதிகளில் ஊன்றப்பட்டிருக்கிறது.

பணம் கட்டாமலே இந்தச் சங்கிலியின் முதல் மூன்று பகுதிகளை முடிக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. இலவசப் பதிப்புக்குக் காலக்கெடு கிடையாது. 2020-இல் அதில் ஹெவன்ஸ்வார்டும், 2023 அக்டோபரில் ஸ்டார்ம்பிளட்டும் சேர்க்கப்பட்டன. லெவல் 70 வரை போகலாம். கட்டுப்பாடுகளும் உண்டு: சந்தைப் பலகையில் வாங்க விற்க முடியாது, கில்டில் சேரமுடியாது, நீங்களாகப் பார்ட்டி தொடங்க முடியாது. கதைக்காக வருபவருக்கு இவை பெரிய தடை அல்ல. ஒன்று மட்டும் கவனம்: ஒருமுறை பணம் கட்டி முழுப் பதிப்புக்கு மாறிய கணக்கு மீண்டும் இலவசத்துக்குத் திரும்பாது. அதனால் ஸ்டார்ம்பிளட் முடியும் முன் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

நம் வாசகருக்கு இன்னொரு சுவையும் இருக்கிறது. முதல் பகுதியில் கருடா, அடுத்து ஹெவன்ஸ்வார்டில் ராவணா, ஸ்டார்ம்பிளட்டில் பாம்பு உடல் கொண்ட அனந்தா இனத்தார் வணங்கும் லட்சுமி என்று தெரிந்த பெயர்கள் போருக்கு வந்து நிற்கும். எண்ட்வாக்கரில் தாவ்னைர் என்ற தீவு வருகிறது. அங்கே யானை முகம் கொண்ட அர்க்கசோதரா மக்கள், விருத்ரா என்ற டிராகன், வனஸ்பதி என்ற டன்ஜன். பெயரும் சாயலும்தான் நம் பக்கத்தவை, கதை அவர்களுடையது. ஆனாலும் முந்திய நாலு பகுதிகளையும் நடந்து கடந்து அந்தத் தீவில் இறங்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, தாண்டிக் குதித்து வந்தவருக்குக் கிடைக்காது.

குறையையும் சொல்லவேண்டும். முதல் பகுதி முடிந்து ஹெவன்ஸ்வார்ட் தொடங்கும் முன் உள்ள குவெஸ்ட்டுகள் நீளமானவை. விட்டுப்போகிறவர்களில் பலர் அங்கேதான் விடுகிறார்கள். 2020-இல் நிறுவனம் முதல் பகுதியின் குவெஸ்ட்டுகளைக் குறைத்து, அந்த நிலங்களில் பறக்கவும் வழிசெய்தது. அப்படியும் பொறுமை வேண்டும். இங்கே மூன்று யோசனைகள். ஒரே தொழிலை மட்டும் வளருங்கள். முதன்மைக் கதை தரும் அனுபவப் புள்ளிகளே பெரும்பாலும் போதும். சாதாரணப் பக்கக் குவெஸ்ட்டுகளை விட்டுவிடலாம். கூட்டல் குறி போட்ட நீல நிறக் குவெஸ்ட்டுகளை விடாதீர்கள், டன்ஜன்களையும் புதிய வசதிகளையும் திறப்பவை அவைதான். ஆங்கில வசனத்தில் பழங்கால நடை அதிகம் என்பதால், காட்சிகளை வேகமாகத் தட்டாமல் நிதானமாக வாசியுங்கள்.

பழைய டன்ஜனுக்கு ஆள் கிடைக்குமா என்ற கவலையும் வேண்டாம். 2022 ஏப்ரலில் தொடங்கிய ஒரு வசதி, முதன்மைக் கதையில் வரும் நால்வர் டன்ஜன்களைக் கதைப் பாத்திரங்களோடு தனியாகவே முடிக்கவிடுகிறது. எட்டுப் பேர் தேவைப்படும் பல போர்களுக்கு மட்டும் மனிதர்கள் வேண்டும். கேமே டன்ஜனைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் தினசரி ரூலெட்டில் பரிசு உண்டு என்பதால் உயர்ந்த லெவல்காரர்களும் பழைய இடங்களுக்கு வருகிறார்கள். அவர்கள் லெவலைக் கேமே குறைத்துவிடுவதால் போரின் ருசி கெடுவதில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுப்பது: வார்கிராஃப்ட்

வார்கிராஃப்டில் நிலைமை நேரெதிர். எல்லா விரிவாக்கத்தையும் முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2020 அக்டோபரில் லெவல்களைச் சுருக்கியபோது, குரோமி என்ற பாத்திரத்தை ஸ்டார்ம்விண்டிலும் ஆர்க்ரிமாரிலும் நிறுத்தினார்கள். அவளிடம் போனால் எந்தக் காலத்து விரிவாக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். அங்குள்ள எதிரிகளின் பலம் உங்கள் லெவலுக்கு ஏற்ப மாறும்.

எதை எடுப்பது? ஒன்றே ஒன்று என்றால் லீஜன் (2016). அதன் முதல் நான்கு நிலங்களை எந்த வரிசையிலும் முடிக்கலாம். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிக் கூடமும் தனிக் கதையும் உண்டு. அதனால் வேறு தொழிலில் மறுபடி விளையாடினாலும் புதிதாக இருக்கும். வார்கிராஃப்ட் 3 விளையாடி ஆர்தாஸ் இளவரசனின் கதையைத் தெரிந்துகொண்டவர் என்றால் ராத் ஆஃப் த லிச் கிங் (2008) எடுக்கலாம். குவெஸ்ட் வடிவம் பழசு. பத்துத் தோல் கொண்டுவா, எட்டுக் கொம்பு கொண்டுவா என்பது அதிகம். நிலக்காட்சிக்கும் நிதானத்துக்கும் மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா (2012).

இங்கே இரண்டு சிக்கல்கள். முதலாவது, லெவல் வேகமாக ஏறுவதால் கதை பாதியில் இருக்கும்போதே குரோமி வழி திறந்த காலத்துக்கான லெவல் எல்லை வந்துவிடும். கதைதான் முக்கியம் என்றால், ஸ்டார்ம்விண்டில் பெஹ்ஸ்டனிடமோ ஆர்க்ரிமாரில் ஸ்லாட்ஸிடமோ கொஞ்சம் தங்கம் கொடுத்து அனுபவப் புள்ளிகளை நிறுத்திவைக்கலாம். இரண்டாவது, கதையின் முடிவு பெரும்பாலும் குவெஸ்ட்டில் இல்லை, ரெய்டில் இருக்கிறது. ஆர்தாஸின் முடிவு ஐஸ்கிரவுன் சிட்டடலில். லீஜனின் முடிவு அன்டோரஸில். குவெஸ்ட்டை மட்டும் முடித்தவர் கடைசி அத்தியாயத்தைப் படிக்காதவர்.

உச்ச லெவலில் திரும்பி வருவது

அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு வழி, உச்ச லெவலை எட்டியபின் பழைய ரெய்டுகளுக்குத் தனியாகப் போவது. ஒரு காலத்தில் இருபத்தைந்து பேர் கூடி மாதக்கணக்கில் முயன்ற போர், இப்போது சில அடிகளில் முடியும். கவசமும் சவாரி விலங்கும் சேர்ப்பவர்களுக்கு இதுவே சிறந்த வழி. ரெய்டு வாரம் ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்பதால் வார இறுதிக்கு ஏற்ற வேலை. ஆனால் கதைக்காக வருபவர் குவெஸ்ட்டுகளை முடித்த பிறகே இதற்கு வரவேண்டும். எதிரி யாரென்று தெரியுமுன் அவன் விழுந்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது?

சில பழைய குவெஸ்ட்டுகள் திரும்பக் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 டிசம்பரில் கேட்டகிளிசம் வந்தபோது முதல் உலகத்தின் நிலங்களே மாற்றி அமைக்கப்பட்டு, பழைய குவெஸ்ட்டுகள் ஏராளமாக மறைந்தன. அந்த உலகம் வேண்டும் என்ற ரசிகர்களின் நீண்ட கோரிக்கைக்குப் பதிலாகத்தான் 2019 ஆகஸ்டில் கிளாசிக் வந்தது. 2004-இன் மெதுவான நடையும் கூட்டு உழைப்பும் வேண்டுபவர் மட்டும் அதற்குப் போகலாம். ஷிப்ட் வேலைக்காரருக்கு அது நேரத்தை நிறையக் கேட்கும்.

எந்த வாசலிலும் நுழைவது: எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்

2016 அக்டோபரில் வந்த ஒன் டாம்ரியல் மாற்றத்துக்குப் பிறகு, இந்தக் கேமில் எந்த நிலத்துக்கும் எந்த லெவலிலும் போகலாம். மாதச் சந்தாவும் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு நிலத்தின் கதையும் தனியாக நிற்கும். பாத்திரங்கள் எல்லாரும் குரல் கொடுத்துப் பேசுகிறார்கள். ஆனால் 'எந்த வரிசையிலும்' என்ற சுதந்திரத்தை முழுக்க நம்பவேண்டாம். மாரோவிண்ட் (2017), கிளாக்வொர்க் சிட்டி, சம்மர்செட் (2018) மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சி. அவற்றை அந்த வரிசையில் எடுங்கள். ஆசியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இதற்குச் சர்வர் இல்லாததால் தாமதம் அதிகம் என்பது நமக்குக் குறை.

பணம் கொடுத்துத் தாண்டுவது

ஃபைனல் ஃபேண்டஸி 14 கடையில் கதையைத் தாண்டும் பொருளும் லெவல் ஏற்றும் பொருளும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. வார்கிராஃப்டிலும் லெவல் ஏற்றம் விற்கிறார்கள். வேறு சர்வரில் ஏற்கெனவே கதையை முடித்து, நண்பர்களுக்காகப் புதிய பாத்திரம் தொடங்குபவருக்கு இது நியாயமான செலவு. முதல்முறை வருபவர் இதை வாங்கவே கூடாது. கதை தெரியாது, தொழிலின் திறன்களை ஒவ்வொன்றாகப் பழகியிருக்கமாட்டார். ரெய்டில் நிற்கும்போது இரண்டும் இல்லாதது தெரியும். ஃபைனல் ஃபேண்டஸி 14-க்கு 2019-இல் வந்த நியூ கேம் பிளஸ் மூலம் முடிந்த அத்தியாயங்களை மறுபடி விளையாடலாம்தான். ஆனால் அனுபவப் புள்ளிகள் அதில் கிடைக்காது. முதல் வாசிப்பின் ஆர்வமும் அங்கே இருக்காது.

கெடாவிலிருந்து ஆடுபவருக்கு

வார்கிராஃப்டில் மலேசியர்கள் பெரும்பாலும் ஓசியானியச் சர்வர்களில் இருக்கிறார்கள். அவை 2014-இலிருந்து ஆஸ்திரேலியாவில் இயங்குகின்றன. ஃபைனல் ஃபேண்டஸி 14-க்கு இரண்டு தேர்வுகள். ஒன்று, 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் திறந்த மெட்டீரியா மையம். அதில் ராவணா என்றே ஓர் உலகம் உண்டு. மற்றொன்று, தென்கிழக்காசியர்கள் பல வருடமாகக் கூடும் ஜப்பானிய மையத்து டான்பெரி. இரவு ஷிப்ட் முடித்து நள்ளிரவில் உட்காருபவர் டான்பெரியை யோசிக்கலாம். நம் நள்ளிரவில் சிட்னியில் மணி இரண்டு அல்லது மூன்று, ஆட்கள் தூங்கியிருப்பார்கள். ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம்தான் முன்னால்.

ஃபைபர் வந்த தாமானுக்கும் மொபைல் டேட்டாவை நம்பும் தோட்டத்து வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் அடிப்படைத் தாக்குதல்களுக்கு இடையே 2.5 நொடி இடைவெளி இருப்பதால் கொஞ்சம் தாமதத்தை அது பொறுக்கும். வார்கிராஃப்டில் அந்த இடைவெளி 1.5 நொடி. இரண்டும் நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்பவை. ஃபைபர் உள்ள உறவினர் வீட்டில் இறக்கிக்கொண்டு வருவது நல்லது. சந்தா வழக்கமாக மாதம் 14.99 டாலர், ரிங்கிட்டில் அறுபதை ஒட்டியோ தாண்டியோ வரும். நேரம் கிடைக்கும் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். தீபாவளி விடுமுறை மாதம் அதற்குப் பொருத்தம்.

யாருக்கு எது

இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், கதைதான் வேண்டும், காசு செலவழிக்க யோசனை என்றால் ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் இலவசப் பதிப்பு, வரிசையாக, நிதானமாக. நண்பர்கள் வார்கிராஃப்டில் காத்திருக்கிறார்கள் என்றால் லீஜன் ஒன்றை மட்டும் முடித்துவிட்டு அவர்களிடம் போய்ச் சேருங்கள். மற்றவற்றுக்கு உச்ச லெவலில் திரும்பி வரலாம். நினைத்தபோது விளையாடி நினைத்தபோது விடும் பழக்கம் உள்ளவருக்கும், தனியாக ஊர் சுற்றப் பிடித்தவருக்கும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்.

எந்த வழியை எடுத்தாலும், பக்கத்தில் ஆடும் தம்பி தங்கைக்குக் கதையைத் தாண்டச் சொல்லிக் கொடுக்காதீர்கள். கடைசி விரிவாக்கம் எப்படியும் அடுத்த விரிவாக்கம் வந்ததும் பழையதாகிவிடும். அதை எட்டிப்பிடிக்க ஓடுபவர் வருடா வருடம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பழைய கதையை ரசித்து முடிப்பவர் தன் வேகத்தில் போகலாம்; அவருக்கு விளையாட இன்னும் பல வருடக் கதை மீதி இருக்கிறது.