கோட்டில் அறியப்படும் ஓவியர்

கேள்வி: வாசகர் ஒருவர் தம் மனத்துக்கு உகந்த ஓவியரைக் கண்டடைவது எவ்வாறு? படங்கள் கொண்ட நூல்களின் ஈர்ப்புக்குக் காரணம் என்ன?

பதில்: ஓவியரின் பெயரை அறியும் முன்பே அவருடைய கோட்டை வாசகரின் கண் அடையாளம் காணத் தொடங்கிவிடுகிறது என்பதற்கு, 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த படங்கள் சிறந்த சான்றாகும். அக்கதையின் மாந்தரான குந்தவை, நந்தினி ஆகிய இருவரின் பேரழகையும் எழுத்து வருணித்துச் சென்றபோது, கொண்டையின் அமைப்பைக் கொண்டே இருவரையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும்படி அவர் வரைந்தார். வாரந்தோறும் காத்திருந்த வாசகருக்கு அந்த உருவங்களே கதைமாந்தரின் முகங்களாக நிலைத்துவிட்டன. அக்காலத்தில் கோட்டோவியம், அதாவது வண்ணமின்றிக் கோடுகளாலேயே அமையும் படம், 'பிளாக்' எனப்படும் உலோக அச்சுக்கட்டையாக மாற்றப்பட்டு எழுத்துகளோடு சேர்த்து அச்சிடப்பட்டமையால், கோட்டின் தெளிவே ஓவியரின் தனி முத்திரையாயிற்று. கதை காலத்தில் நகர்ந்துகொண்டே இருக்க, படம் அதன் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டி, அணியையும் ஆடையையும் முகக்குறிப்பையும் நின்று நோக்கும் வாய்ப்பை வாசகருக்கு அளிக்கிறது. எழுத்து சொல்லாமல் விட்டதைக் கண்ணால் நிரப்பிக்கொள்ளும் அந்த இன்பமே ஓவிய நூல்களின் நீங்காத ஈர்ப்பாகும்.