மேடை விளக்குக்கு மின்சாரம்: பின்னையும் சாக்கெட்டையும் அறிந்துகொள்வோம்

ஷவ்வால் பிறை தெரிந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் நிக்காஹ் தேதிகள் வரிசைகட்டி நிற்கும். கோரிப்பாளையம், மஹபூப்பாளையம், நெல்பேட்டை என எந்தத் தெருவில் நுழைந்தாலும் சீரியல் செட் தொங்கும், ஓரத்தில் ஜெனரேட்டர் உறுமும். பந்தல் எத்தனை அடி, பிரியாணி எத்தனை தேக்சா என்று பத்து தடவை கேட்கிறோம். மேடைக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று மட்டும் கேட்பதில்லை. லைட் செட், ரேடியோ செட் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களை அழைக்கும் குடும்பங்களுக்கும் இந்தப் பாடம்.

நம் வீட்டு மூன்று பின் பிளக்கை எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள எர்த் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமன், நீளமும் அதிகம். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். லைட்டின் இரும்புக் கூட்டில் கசியும் மின்சாரம் மண்ணுக்கு இறங்க அதுதான் வழி. பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு வயரை மட்டும் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் இறுக்குகிறார்களே, அங்கே அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பந்தலின் இரும்புக் காலைப் பிடித்து விளையாடும் குழந்தைதான் பிறகு அந்த எர்த்.

அதைவிட மோசமானது இரண்டு முனையிலும் ஆண் பின் வைத்த வயர். ஜெனரேட்டரிலிருந்து மண்டபத்து சாக்கெட்டுக்குக் கரண்ட் ஏற்ற இதைச் செய்கிறார்கள். ஒரு முனையைச் செருகியதும் மறு முனையில் 230 வோல்ட் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மெயினை இறக்காமல் விட்டால் அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கும் திரும்பிப் போகும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரை நினைத்துப் பாருங்கள். கரண்ட் வரும் பக்கம் எப்போதும் துளை, வாங்கும் பக்கம் எப்போதும் பின். இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

பெரிய மேடைகளில் தொழிற்சாலை வகை வட்டப் பிளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு: நீலம் 230 வோல்ட், சிவப்பு 400 வோல்ட். நீலத்தில் மூன்று பின். சிவப்பில் ஐந்து பின் இருந்தால் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். தப்பான இடத்தில் செருகவே முடியாதபடி பின்களின் அமைப்பு மாறும். இடம் சேரவில்லை என்று பின்னை ராவிச் சரிசெய்யும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடலாம். ஐந்து வயரை ஜெனரேட்டரில் நேரடியாக முடுக்கும்போது, எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் எர்த், அடுத்து நியூட்ரல், பிறகு ஃபேஸ். கழற்றும்போது தலைகீழ். நடுவில் நியூட்ரல் கழன்றால் சில விளக்குகளுக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடும். ஒரு நொடியில் எல்.இ.டி. பார்கள் புகைந்துபோகும்.

அடுத்தது பல பின் கனெக்டர். சோகாபெக்ஸ் என்பார்கள், அதைச் செய்த பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரே பொருளுக்கும் பெயராகிவிட்டது. 19 பின், ஒரே தடித்த கேபிளில் ஆறு தனித்தனி சர்க்யூட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபேஸ், தனி நியூட்ரல், தனி எர்த். ஆறு வயர் இழுக்கும் இடத்தில் ஒன்று போதும், கால் தடுக்காது. ஆனால் ஆறும் வெவ்வேறு ஃபேஸிலிருந்து வரலாம் என்பதால் உள்ளே 400 வோல்ட் இருக்கிறது என்றே நினைத்துக் கையாள வேண்டும். இங்கிலாந்தில் நடமாடும் டிஸ்கோ நடத்தியவர்கள் புல்கின் என்ற எட்டுப் பின் கனெக்டரைப் பயன்படுத்தினார்கள். பிளக் ஒரே மாதிரி, உள்ளே வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உருவம் பொருந்தினால் மட்டும் போதாது. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

இப்போதைய லைட்டுகளில் வரும் பவர்கான் பின்னில் நீலம் உள்ளே வாங்க, சாம்பல் நிறம் வெளியே கொடுக்க. பழைய வகையை லைட் எரியும்போது பிடுங்கக் கூடாது. ட்ரூ ஒன் என்ற புது வகைக்கு அந்தத் தாங்குதிறன் உண்டு.

கணக்கும் கொஞ்சம் தெரிய வேண்டும். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் பழைய பார் லைட் ஒன்று 4.3 ஆம்பியர் இழுக்கும். நான்கு போட்டால் 17-ஐத் தாண்டும். 16 ஆம்பியர் பிளக்குக்கு அதுவே அதிகம். சுருட்டி வைத்த வயரில் சூடு வெளியேறாது, உறை உருகிவிடும். நீளம் மிச்சமானாலும் முழுக்கப் பிரித்தே போட வேண்டும்.

“எம்.சி.பி. இருக்கிறதே” என்பார்கள். அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழும் முன்பே மனிதர் விழுந்துவிடுவார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். லைட் செட்டுக்கு முன்பணம் கொடுக்கும்போதே இது இருக்கிறதா என்று கேளுங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை உங்கள் கண் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் கூடட்டும்.

ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிப்பதிலும் நம் ஊர் மண்ணைப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் அரை அடி செருகிவிட்டுப் போனால் எர்த் ஆகாது. ஆழமாக அடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐப்பசி மழையில் சிக்கல் வேறு: ஜங்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது, செங்கல்லோ ஸ்டூலோ வைத்து உயர்த்த வேண்டும்.

ஊர்வலம், சந்தனக்கூடு என்றால் தலைக்கு மேலும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேரின் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். பாதையை முன்கூட்டியே நடந்து பார்த்து, கூட்டின் உயரத்தை அளந்து, மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்வது ஜமாஅத்தின் வேலை.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் தொடாதீர்கள். முதலில் ஜெனரேட்டரை, மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அழைத்துப் போய் இதயத்துடிப்பைப் பார்த்துவிடுங்கள். துடிப்பின் கோளாறு வெளியே தெரியாமலும் இருக்கலாம்.